கற்பூர மர இலையும் ஆடாதோடையும்: நெஞ்சுச் சளிக்கு வீட்டில் செய்துகொள்ளும் முறை

நீலகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து உறைபனி விழத் தொடங்கினால் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி போட்ட அதே கையால் கற்பூர மர இலையையும் கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் பகை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. இலை எதுவரை உதவும், எந்த இடத்தில் அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பது தெரியாமல் செய்கிறார்களே என்றுதான் பதறியிருக்கிறேன்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இலையின் ஆவி மூக்கடைப்பைக் கொஞ்ச நேரம் தளர்த்தும், தொண்டைக்கு இதம் தரும், கெட்டிச் சளியை இளக்கும், ராத்திரி தூங்கவிடும். உடம்பு முடியாத நேரத்தில் இதெல்லாம் சின்ன உதவி இல்லை. ஆனால் ஜலதோஷம் தன் நாட்களை எடுத்துக்கொண்டுதான் போகும். நிமோனியாவையும் காசநோயையும் எந்த இலையும் தீர்க்காது. ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் செய்யும் வேலையை எந்தக் கஷாயமும் செய்யாது.

எந்த மரம், எந்த இலை

எங்கள் மலையில் கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ், அதிலும் புளூகம் என்கிற இனம். ஆஸ்திரேலிய மரம். 1843 வாக்கில் ஆங்கிலேயர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். குளிருக்கு விறகு வேண்டுமென்று பிறகு மலை மலையாக நட்டார்கள். புல்வெளிகளும் சோலைகளும் சுருங்கின. இந்த மரத்தால் மலை இழந்ததை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். புதிதாக ஒன்றை நடச் சொல்ல மாட்டேன். நிற்கிற மரத்தின் இலையைப் பயன்படுத்துவதில் தயக்கமில்லை. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்பதால் எந்த மாதத்திலும் இலை கிடைக்கும்.

ஒரே மரத்தில் இரண்டு விதமாக இலை இருக்கும். கன்றிலும், வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் கிளையிலும் இலை அகலமாக, காம்பே இல்லாமல், எதிரெதிராக, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். வளர்ந்த மரத்தின் இலை பச்சையாக, நீளமாக, அரிவாள் வளைவில் தொங்கும். நான் எடுப்பது இந்த அரிவாள் இலையை. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரியும். அவைதான் எண்ணெய்ப் பைகள். கையில் கசக்கினால் மணம் மூக்கில் ஏற வேண்டும். அந்த மணத்துக்குக் காரணம் சினியோல் என்ற பொருள். நீலகிரி தைலத்தில் பெரும்பங்கு அதுதான்.

சமவெளிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் காகித ஆலைக்காக வளர்க்கிற தைலமரம் வேறு இனம். இலையில் எண்ணெய் குறைவு. இன்னொன்று, கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும் யூகலிப்டஸ். அதில் இருப்பது பெரும்பாலும் சிட்ரோனெல்லால். கொசுவை விரட்ட உதவும், நெஞ்சுச் சளிக்கு நான் அதை எடுப்பதில்லை.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் மரத்தில் இலை பறிக்காதீர்கள். மருந்து அடிக்கும்போது சாரல் அங்கேயும்தான் படியும். கொதிக்க வைத்தால் அது போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பேருந்துச் சாலை ஓர மரமும் வேண்டாம். காட்டுக்குள் போய்ப் பறிப்பதானால் வனத்துறையைக் கேட்டுவிட்டுப் போங்கள். வீட்டு வேலியிலோ தெரிந்தவர் நிலத்திலோ ஒரு கிளை கேட்டு வாங்குவது எளிது. தரையில் கிடந்து கறுத்த இலையில் பூஞ்சணம் இருக்கும், அதைப் பெருக்கித் தள்ளிவிடலாம். பறித்ததை இரண்டு தண்ணீரில் அலசி, நிழலில் பரப்பிவிடுங்கள். மழை நாட்களில் இங்கே எதுவும் காயாது என்பதால் நான் அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடுவேன். மொறமொறப்பாகக் காய்ந்த இலையைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடினால் நான்கைந்து மாதம் மணம் நிற்கும். திறந்ததும் புழுக்க வாசனை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

ஆவி பிடிப்பது

இதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து எல்லாரும் தப்பாகச் செய்வது இதைத்தான்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். அடி அகலமான, கனமான பாத்திரமாகப் பாருங்கள். சின்ன அடியுள்ள சொம்போ, கைப்பிடி ஆடுகிற பாத்திரமோ கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், கையால் கிழித்த பச்சை இலை பன்னிரண்டு பதினைந்து (காய்ந்தது என்றால் ஒரு கைப்பிடி) போட்டு மூடி, தீயைக் குறைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். மூடி முக்கியம். திறந்து வைத்தால் தைலம் முழுக்கச் சமையலறைக்குப் போய்விடும், உங்களுக்கு வெறும் வெந்நீர் ஆவிதான் மிஞ்சும்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுபோங்கள். மேசை சுவரோடு ஒட்டியிருக்கட்டும். பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டால் வழுக்காது. நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். மூடியைத் திறந்து இரண்டு மூன்று நிமிஷம் காத்திருங்கள். முதல் ஆவி முகத்தைச் சுட்டுவிடும். அதன் பிறகு ஒரு பருத்தித் துண்டைத் தலைமேல் போட்டு, முகத்தைப் பாத்திரத்திலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சினியோல் கண்ணில் பட்டால் எரியும். மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் விடுங்கள். நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை துண்டை விலக்கி வெளிக்காற்று வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்திலிருந்து எட்டு நிமிஷம். தலை சுற்றினாலோ நெஞ்சு இறுகினாலோ அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும்.

முடிந்ததும் ஒரு மூக்கை அழுத்திக்கொண்டு மறு மூக்கை மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் சேர்த்து வேகமாகச் சிந்தினால் காது அடைக்கும். வியர்வையைத் துடைத்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். சளி இளக உள்ளே போகிற தண்ணீரும் வேண்டும். காலையில் ஒருதரம், படுக்கப் போகுமுன் ஒருதரம் என்று மூன்று நாள் செய்தால் போதும்.

கட்டிலில் சம்மணம் போட்டு, மடிக்கு முன்னால் கொதிக்கிற பாத்திரத்தை வைத்து, கம்பளியால் மொத்தமாகப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மெத்தை அசைந்து பாத்திரம் சாய்ந்தால் தண்ணீர் தொடையில்தான் கொட்டும், கம்பளி அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படி வெந்த தொடைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சாதாரண ஜலதோஷத்துக்காக ஒரு மாதம் படுக்கையில் கிடப்பது என்ன நியாயம்?

கடையில் வாங்கிய மின்சார ஆவிக் கருவி வைத்திருந்தால் அதில் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், இலையோ தைலமோ வேண்டாம். மேட்டுப்பாளையம் போய் வருகிறவர்கள் நொச்சி இலை கொண்டுவந்தால் நான் அதையும் பாதிக்குப் பாதி சேர்ப்பேன். காட்டம் குறைந்து ஆவி மென்மையாக இருக்கும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் கடுமையான மணமே மூச்சை இறுக்கலாம். வலிப்பு நோய் இருப்பவர்களும், மூக்கில் ரத்தம் வருபவர்களும் ஒதுங்கிக்கொள்வது நல்லது. கை நடுங்குகிற வயதானவர்களைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் போகக் கூடாது, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

குழந்தைகள்

"சிஸ்டர், பாப்பாவுக்கு மூக்கு அடைக்குது, இலை போட்டு ஆவி காட்டட்டுமா?" தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

"வேணாம்மா. பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்த வாசமே ஆகாது."

அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளின் மூக்கருகே யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தால் எதையும் கொண்டுபோக வேண்டாம். அவர்களுடைய மூச்சுக்குழல் மிகக் குறுகல். காட்டமான மணம் பட்டால் அது சுருங்கி மூச்சே திணறலாம். தைலமும் கற்பூரமும் உடம்பில் ஏறி வலிப்பு வந்த பிள்ளைகளும் உண்டு. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டிலில் கட்டுவதும் இதில் சேர்ந்ததுதான். கொதிக்கிற பாத்திரத்துக்கு முன்னால் பிள்ளையை உட்கார வைப்பதும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையும் துள்ளத்தான் செய்யும்.

கைக்குழந்தைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு, அடிக்கடி தாய்ப்பால், தலையைச் சற்று உயர்த்தித் தோளில் சாய்த்துக்கொள்வது. இவை போதும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் ஒரு துளிகூடத் தொட்டுவைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்தப் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்க வைக்கும்.

நெஞ்சில் தடவும் களிம்பு

அம்மா இலங்கையிலிருந்து திரும்பி வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். குளிரில் நனைந்து வந்து ராத்திரி நெஞ்சில் தேய்த்துக்கொள்ள நல்லெண்ணெயில் இந்த இலையைக் காய்ச்சி வைத்திருப்பார். நான் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துக் களிம்பாகச் செய்கிறேன். கோத்தகிரியில் நல்ல தேன்மெழுகு கிடைக்கும், மலைத்தேன் எடுக்கிற ஊர்தானே.

நன்றாகக் காய்ந்த இலை இரண்டு கைப்பிடி எடுத்து நொறுக்குங்கள். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், ஆகவே அவசரப்பட்டுப் பச்சை இலையைப் போடாதீர்கள். நூற்றைம்பது மில்லி எண்ணெயில் இலையைப் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, சிறு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் இலை கருகும், மணமும் போகும். மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிந்தால் நூறு மில்லிக்குச் சற்று மேல் தேறும். அதில் நூறு மில்லி அளந்து, இருபது கிராம் தேன்மெழுகு போட்டு, அதே வெந்நீர்ச் சூட்டில் கரையவிடுங்கள். இறக்கி, கிண்ணத்தைக் கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும் இருபது சொட்டு நீலகிரி தைலம் சேர்த்துக் கலக்கி, சின்ன டப்பாக்களில் ஊற்றுங்கள். சமவெளி வெயிலுக்குக் களிம்பு இளகினால் அடுத்த தடவை மெழுகை ஐந்து கிராம் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் தடவை பயன்படுத்துமுன் முன்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பாருங்கள். சிவந்து அரித்தால் அந்தக் களிம்பு உங்களுக்கு வேண்டாம். நெஞ்சிலும் முதுகிலும் மெல்லத் தேய்க்கலாம். மூக்குத் துளைக்குள் தடவக் கூடாது. எண்ணெய்ப் பசை கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒருவகை நிமோனியா ஆகிவிடும். தேதி எழுதி ஒட்டி வைத்து ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

போத்தல் தைலம்

தைலம் வடிப்பதை வீட்டில் முயல வேண்டாம். மலையில் அதற்கென்று கொட்டகை போட்டு, பெரிய கொப்பரையில் இலையை அடைத்து, அடியில் விறகெரித்து, வருகிற ஆவியைக் குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் ஓட்டிப் பிடிக்கிறார்கள். தண்ணீர் கீழே நிற்க, தைலம் மேலே மிதக்கும். ஊட்டிக்கு வருகிறவர்கள் வாங்கிப் போகும் போத்தலில் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒருநாள் வையுங்கள். நல்ல தைலம் சுவடில்லாமல் பறந்துவிடும். எண்ணெய்க் கறை நின்றால் கலப்படம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தைலம் வாய்க்குள் போகக் கூடாது. சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிடு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. சில நிமிஷங்களிலேயே மயக்கமும் வலிப்பும் வரலாம். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடனே 108க்குப் போன் செய்து, போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். இருமல் மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் தைலப் போத்தலை வைக்கவே கூடாது. இருட்டில் கை மாறிப் போகும்.

குடிப்பதற்கு ஆடாதோடை

கற்பூர மர இலையை நான் ஆவிக்கும் பூச்சுக்கும் மட்டும்தான் எடுப்பேன். உள்ளுக்குக் குடிப்பதற்கு ஆடாதோடை. அதுவும் வருஷம் முழுக்க இலை உதிராமல் நிற்பது, புதராகவும் சிறு மரமாகவும் வளரும். எங்கள் உயரத்தில் பார்ப்பது அரிது. மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தங்கை வேலியிலிருந்து ஒடித்து அனுப்புவாள். மாவிலையைப் போல நீண்டு, நுனி கூராக இருக்கும்; பூ வெள்ளை. "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்தை உருவாக்கினார்கள். டாக்டர் எழுதித் தரும் இருமல் மருந்துகள் பலவற்றின் சீட்டில் அந்தப் பெயரையோ, அதிலிருந்து வந்த ஆம்பிராக்சால் என்ற பெயரையோ பார்க்கலாம்.

நடுத்தர இலை ஐந்து எடுத்து, நடுநரம்பை நீக்கி நறுக்குங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, நான்கு மிளகைத் தட்டிச் சேர்த்து, சிறு தீயில் அரை டம்ளராக வற்றவிடுங்கள். வடிகட்டினால் கசப்பு நாக்கைப் பிடிக்கும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி தேன். அதைப் பாதியாக்கிக் காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். கசந்தால் நல்லதுதானே என்று இலையைக் கூட்டினால் குமட்டலும் வாந்தியும்தான் வரும். காய்ச்சியதை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு. குழந்தை உண்டாகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். பிள்ளைகளுக்கும், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அளவைச் சித்த மருத்துவரே சொல்லட்டும். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தப் பிரிவு இருக்கிறது, காசில்லாமல் கேட்கலாம்.

பைன், சைப்ரஸ்

தலைக்குந்தாப் பக்கம் பைன் மரங்களைப் பார்த்துவிட்டு, மேல்நாட்டில் இந்த ஊசியிலையில் டீ போடுகிறார்களாமே என்று கேட்கிறார்கள். பைனில் பல இனங்கள். சில இனங்களின் ஊசியிலையைத் தின்ற சினைமாடுகளுக்குக் கன்று கலைந்துபோகும். சைப்ரஸ் இலையும் அப்படிப்பட்டதுதான். ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் பறித்துக் கொதிக்க வைத்துக் குடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரத்தடியில் நடந்து அந்தக் காற்றை வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

இலையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

பிள்ளைக்கு மூச்சு வேகமாக வாங்குகிறது என்று தோன்றினால், தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடு நீலமாவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு இவற்றில் எது இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் இலையும் கஷாயமும் எவ்வளவு இதமாக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மருந்தும் இலவசம்தான். சளி கொடுக்கும்போது எச்சிலைத் துப்பிவிட்டு வராதீர்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வருவதைத்தான் அவர்கள் கொடுத்த டப்பாவில் பிடித்து, இறுக மூடி, அன்று காலையே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.